அக்காவின் பெயரில் ஓர் அந்துப்பூச்சி

கையைக் கழுவிக்கொண்டு நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிடமாட்டார் அத்தான். முதலில் விளக்கைப் பார்ப்பார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, கழுத்தைப் பின்னால் சாய்த்து, குழல்விளக்கின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை கண்ணாலேயே நிதானமாக ஒரு நடை போய்வருவார். பிறகு சுவர். பிறகு பல்லி. பல்லியின் வாயோரத்தில் இறக்கை ஏதாவது நீட்டிக்கொண்டிருந்தால் அன்றைக்குச் சாப்பாடு ஆறிப்போகும். நாற்காலி போட்டு ஏறுவார். பல்லியோடு பேச்சுவார்த்தை நடக்கும். அக்கா அவர் தட்டை இன்னொரு தட்டால் மூடிவிட்டு, தான் மட்டும் சாப்பிடத் தொடங்கிவிடுவாள். அது வாயில் இருப்பதைக்கூடப் பிடுங்க வேண்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "பாதி இறக்கை போதும் மச்சான், எந்த இனம்னு சொல்லிடலாம்" என்றார், என்னைத் திரும்பிப் பார்க்காமலே.

அத்தான் என்றால் என் அக்காவைக் கட்டியவர். அருங்காட்சியகம் ஒன்றில் அந்துப்பூச்சிப் பிரிவில் வேலை. பூச்சி என்றதும் பட்டாம்பூச்சியா என்று கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்களை அவர் மன்னிப்பதில்லை. "பட்டாம்பூச்சிங்கறது விளம்பரப் பலகை. பகல்ல வந்து நின்னு என்னைப் பாரு என்னைப் பாருங்கும். சரக்கெல்லாம் அந்துலதான் இருக்கு" என்பார். எந்தப் பூச்சி எந்த இனம், அந்த இனம் எந்தப் பேரினத்தில் சேரும், அந்தப் பேரினம் எந்தக் குடும்பத்துக்குள் வரும் என்று பார்த்து, ஊசி குத்தி, இழுப்பறையில் வரிசையாக வைப்பது அவர் தொழில். அரசாங்கம் இதற்குச் சம்பளம் தருகிறது என்பதை எங்கள் அப்பா கடைசிவரை நம்பவில்லை. பெண் கேட்டு வந்தபோது வேறு ஏதோ வேலையை மறைத்துச் சொல்கிறார்கள் என்று நினைத்துத்தான் சம்மதித்தார்.

சட்டைப்பையில் எப்போதும் மூன்று நான்கு கண்ணாடிக் குப்பிகள் இருக்கும். இருதய நோயாளி என்று நினைத்துப் பேருந்தில் எழுந்து இடம் கொடுத்தவர்கள் உண்டு. அவரும் மறுக்காமல் உட்கார்ந்துகொள்வார். என் மாமனார் மருத்துவமனையில் கிடந்தபோது தவறாமல் தினமும் மாலையில் போய்ப் பார்த்துவந்த ஒரே உறவினர் அத்தான்தான். வீடே உருகிப்போயிற்று. மருத்துவமனைக்குப் பின்னால் ஒரு புதர்க்காடு இருந்ததும், மூன்றாவது மாடி நடைபாதையில் விளக்கு அணைப்பதே இல்லை என்பதும் பிறகுதான் தெரியவந்தது. மாமனார் குணமாகி வீடு திரும்பிய அன்று, இன்னும் ஒரு வாரம் வைத்துப் பார்த்திருக்கலாமே என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

அவரிடம் இருந்த ஒரே கம்பளிக் கோட்டை அந்துப்புழு தின்றது. அக்கா அதைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறப் போனபோது, பதறிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டார். கோட்டைச் செய்தித்தாள்மேல் விரித்து, பூதக்கண்ணாடியோடு ஒரு முழு விடுமுறை நாளையும் அதன்மேல் கழித்தார். தின்றது எது என்பது உறுதியானபிறகுதான் கோட்டைத் தூக்கியெறிய அனுமதி கிடைத்தது. சாதாரண இனம்தான் என்று தெரிந்ததில் அவருக்கு ஏமாற்றம். கோட்டு போனதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

பூச்சியோடு நிறுத்திக்கொண்டால் பரவாயில்லை. மனிதர்களையும் விடமாட்டார். விருந்தாளிகள் வந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் மூலையில் இருந்தபடி புருவத்தையும் காதுமடலையும் அளந்துகொண்டிருப்பார். அவர்கள் செருப்பைப் போட்டுக்கொண்டு படி இறங்குவதற்குள் தீர்ப்பு வந்துவிடும். என் பெரியப்பா மகன்கள் இருவரும் இரட்டையர். ஊரே அடையாளம் தெரியாமல் திணறும் அந்த இருவரையும் வெவ்வேறு இனம் என்று அடித்துச் சொல்லுகிற ஒரே ஆள் இவர். என்னை எதில் வைத்திருக்கிறார் என்று வாயைப் பிடுங்கினேன். "உன்னை இன்னும் முடிவு பண்ணல மச்சான். அடையாளம் தெரியாததுக்குன்னு ஒரு டப்பா உண்டு. அதுல இருக்க" என்றார். பத்திரிகையில் எழுதுகிறவன் என்ற மரியாதை அவ்வளவுதான்.

அந்துப்பூச்சியில் இனம் பிரிப்பது எப்படி என்பதை மட்டும் அவரிடம் சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிடக் கூடாது. நான் கேட்டேன். இறக்கையின் நிறம், புள்ளி, கோடு எல்லாம் வேஷம் என்றார். மழைக்கு ஒரு நிறம், வெயிலுக்கு ஒரு நிறம் என்று மாறிக்கொண்டே இருக்குமாம். கடைசியில் நம்ப வேண்டியது வாலடியில் இருக்கும் அந்தரங்க உறுப்பைத்தானாம். அதை வெட்டியெடுத்து, மருந்தில் ஊறவைத்து, நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் அது ஒரு மாதிரி. ஆணுக்குச் சாவி, பெண்ணுக்குப் பூட்டு, வேறு சாவி நுழையாது. இவ்வளவையும் குரலைத் தாழ்த்தாமல், விரலால் படம் போட்டுக் காட்டியபடி சொன்னார். என் மனைவி பிள்ளைகளை மொட்டைமாடிக்கு அனுப்பிவிட்டாள். அக்கா அசையவில்லை. இதையெல்லாம் கல்யாணமான முதல் வாரத்திலேயே கேட்டுவிட்டவள் அவள்.

அருங்காட்சியகத்தில் அவருடைய அறை இரண்டாவது மாடியில், கடைசியில். உள்ளே நுழைந்தால் கற்பூர நெடி கண்ணைக் கரிக்கும். அறையின் நடுவில் ஆளுயர மர அலமாரிகள் இரண்டு, முதுகோடு முதுகு ஒட்டி நிற்கின்றன. இந்தப் பக்கம் அத்தான். அந்தப் பக்கம், ஜன்னலோரமாக, இன்னொருவர். அத்தான் வீட்டில் அவருக்கு ஜன்னல்காரர் என்று பெயர். நானும் அப்படியே எழுதுகிறேன். ஒரே படிப்பு, ஒரே சம்பளம், ஒரே மூக்குப்பொடி நிறத்தில் சட்டை. அத்தானின் கணக்குப்படி இருவரும் வெவ்வேறு குடும்பம்.

பூச்சிக்குப் பெயர் வைப்பவர்களில் இரண்டு கட்சி உண்டாம். புள்ளி ஒன்று கூடினால் போதும், இது வேறு இனம் என்று பிரிக்கிற கட்சி ஒன்று. புள்ளி கூடினால் என்ன, குறைந்தால் என்ன, எல்லாம் ஒன்றுதான் என்று சேர்க்கிற கட்சி இன்னொன்று. அத்தான் பிரிப்பவர். ஜன்னல்காரர் சேர்ப்பவர். இளமையில் அத்தான் கண்டுபிடித்துப் பெயர் வைத்த மூன்று புதிய இனங்களை, மூன்றும் ஏற்கெனவே தெரிந்த ஒரே பூச்சிதான் என்று ஜன்னல்காரர் ஒரு கட்டுரையில் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார். அடிக்குறிப்பில் போட்டிருந்தால்கூட மனசு ஆறியிருக்குமாம். அன்று நின்றது பேச்சு.

அதற்காக வேலை நிற்கவில்லை. இருவருக்கும் நடுவே அலுவலக உதவியாளர் ஒருவர் இருக்கிறார். "அந்தப் பக்கம் பசை இருந்தா கொஞ்சம் வேணும்னு சொல்லுங்க" என்பார் அத்தான், உதவியாளரிடம். அலமாரிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு அது தெளிவாகக் காதில் விழும். ஆனாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். உதவியாளர் சுற்றிக்கொண்டு போய் அதையே இன்னொரு முறை சொன்னபிறகுதான் பசைப் புட்டி வெளியே வரும். இந்த நடையாலேயே தனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக உதவியாளர் என்னிடம் சொன்னார். இருவரில் யார் ஓய்வு பெற்றாலும் தனக்கு வியாதி வந்துவிடும் என்று அவருக்கு நிஜமாகவே கவலை.

இப்போது அக்காவின் பூச்சிக்கு வருகிறேன். திருமண நாளுக்கு அக்கா வளையல் எதிர்பார்த்திருந்தாள். அத்தான் ஒரு பழுப்பு உறையைக் கொடுத்தார். உள்ளே விஞ்ஞானப் பத்திரிகை ஒன்று. நடுப்பக்கத்தில், பழுப்புநிறப் பூச்சி ஒன்றின் படம், கைக்குட்டை அளவுக்குப் பெரிதாக்கி. கீழே அக்காவின் பெயர், லத்தீன் வால் ஒன்று ஒட்டி. உலகத்தில் இனி யார் அந்தப் பூச்சியைப் பற்றிப் பேசினாலும் அக்காவின் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று விளக்கினார். அக்கா படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "குண்டா இருக்கே" என்றாள். பெண் பூச்சிகள் அப்படித்தான் இருக்கும், முட்டை நிறைய என்றார் அத்தான். அக்கா ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

பிறகு மெல்ல மெல்ல அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. தபால் நிலையத்தில் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்கிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் சில்லறைக்கும் தபால்தலைக்கும் ஆட்கள் வந்து கத்துவார்கள். முன்பெல்லாம் பதிலுக்குக் கத்துவாள். இப்போது, இந்த ஆளின் பெயரில் ஒரு கொசுகூடக் கிடையாது என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வாளாம், கோபம் இறங்கிவிடுமாம். பக்கத்துக் கவுண்டர்காரியிடம் பேச்சுவாக்கில் சொன்னாள். அவள் வழியாகத் தலைமை அலுவலகம்வரை பரவியது. பத்திரிகையின் அந்தப் பக்கம் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. வீட்டுக்கு யார் வந்தாலும் தண்ணீருக்கு முன்னால் அதைக் காட்டுவாள். எங்கள் குடும்பத்தில் யார் பெயரையும் தெருவுக்கு வைத்ததில்லை, பள்ளிக்கு வைத்ததில்லை. பூச்சிக்கு வைத்ததில் எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமைதான்.

அந்தக் கட்டுரையில் ஒரு சிறிய வரி உண்டு. 'ஆண்: இதுவரை கிடைக்கவில்லை.' அத்தானுக்குக் கிடைத்ததெல்லாம் பெண் பூச்சிகள்.

அதே ஆண்டில், அத்தானுக்குச் சில மாதம் முந்தி, ஜன்னல்காரரும் ஒரு புது இனம் கண்டுபிடித்திருந்தார். சேர்ப்பவர் கட்சியில் இருப்பவர் புது இனம் கண்டுபிடிப்பது அபூர்வம். கட்சிமாறல் என்றே சொல்ல வேண்டும். சின்னது, சுறுசுறுப்பானது, பின்னிறக்கை மஞ்சள். அப்போதைய இயக்குநரின் பெயரை அதற்கு வைத்தார். அந்த இயக்குநர் நிர்வாகப் பிரிவிலிருந்து வந்தவர். கரப்பான்பூச்சியைக் கண்டால் மேசைமேல் ஏறி நிற்பார். கட்டுரை வந்த வாரமே ஜன்னலோர மேசை ஜன்னல்காரருக்கு ஒதுக்கப்பட்டது. அதுவரை அங்கே அத்தான் உட்கார்ந்திருந்தார். அந்தக் கட்டுரையிலும் ஒரு சிறிய வரி உண்டு. 'பெண்: இதுவரை கிடைக்கவில்லை.'

உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நீங்கள் நிபுணர் இல்லை. அவர்கள் நிபுணர்கள். அத்தான் தன் பெண் பூச்சியை உலகத்திலுள்ள மற்றப் பெண் பூச்சிகளோடு ஒப்பிட்டு, இப்படி ஒரு பூட்டு எங்குமே இல்லை என்று நிரூபித்தார். ஜன்னல்காரர் தன் ஆணை மற்ற ஆண்களோடு ஒப்பிட்டு, இப்படி ஒரு சாவி எங்குமே இல்லை என்று நிரூபித்தார். இருவர் சொன்னதும் அப்பழுக்கில்லாத உண்மை. பூட்டு அலமாரிக்கு இந்தப் பக்கமும் சாவி அந்தப் பக்கமுமாக வருடக்கணக்கில் இருந்தன. ஒரு கல்யாணத் தரகரை அந்த அறைக்குள் விட்டிருந்தால் ஒரே நாளில் முடித்துக் கொடுத்திருப்பார்.

விஷயம் வெளிவந்தது சமீபத்தில்தான். ரயில் நிலைய விளக்கடியில் அக்காவின் பூச்சி ஒன்றை அத்தான் உயிரோடு பிடித்தார். குப்பிக்குள்ளேயே அது முட்டையிட்டுவிட்டது. அத்தானுக்குத் தலைகால் புரியவில்லை. ஆண் கிடைக்காதா என்ற நப்பாசையில் முட்டைகளை வீட்டிலேயே வளர்த்தார். வலை கட்டிய பிளாஸ்டிக் டப்பாக்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதியைப் பிடித்துக்கொண்டன. புழுக்கள் பக்கத்து வீட்டு வேலிச்செடியை மட்டுமே தின்றன. வேலி மொட்டையாகிக்கொண்டே வந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் யாரோ வைத்த செய்வினை என்று நினைத்துக்கொண்டார். அக்கா டப்பாக்களைத் துடைத்து, காய்ந்த இலையை மாற்றி, "என் பேரப்பிள்ளைங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புழுவெல்லாம் கூடு கட்டி உறங்கிப்போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் போயிருந்தேன். அக்கா குளித்துக்கொண்டிருந்தாள். அத்தான் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து, டப்பாவின் வலையைக் கழற்றி, அதை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஈயாடவில்லை. எட்டிப் பார்த்தேன். பாதிப் பூச்சிகள் குண்டாக, பழுப்பாக, சட்டம் போட்ட படத்தில் இருப்பதுபோலவே இருந்தன. மீதிப் பாதி சின்னதாக இருந்தன. பின்னிறக்கை மஞ்சள்.

"போங்க. போயிடுங்க" என்று டப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். டப்பாவை உலுக்கினார். ஊதினார். விரலால் ஒன்றைத் தள்ளிவிட்டார். அது வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, நிதானமாக நடந்து மறுபடி டப்பாவுக்குள்ளேயே போய் நிழலில் உட்கார்ந்துகொண்டது. பகலில் அந்து பறக்காது என்று எனக்கு ஆயிரம் தடவை பாடம் எடுத்தவர் அவர்தான்.

கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் சிரிப்பு வந்தது, உடனே நின்றுபோனது. ஆதாரம் ஒரு புள்ளி குறைந்தாலும் ஊரார் வைத்த பெயர்களையெல்லாம் ஈவிரக்கமில்லாமல் வெட்டித் தள்ளிய மனிதர் இவர். வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் செத்துப்போன தன் மகளின் பெயரை ஒரு பூச்சிக்கு வைத்திருந்தார். அதையும் தப்பு என்று எழுதிவிட்டு வந்து நன்றாகத் தூங்கியவர். இப்போது சமையலறையில் நின்று சாட்சிகளை ஒவ்வொன்றாக வெளியே விரட்டிக்கொண்டிருக்கிறார், மனைவிக்காக. அக்காவைக் கட்டிய நாளிலிருந்து அந்த ஒரு நிமிடத்தில்தான் எனக்கு அவரை நிஜமாகப் பிடித்தது.

அக்கா ஈரத்தலையோடு வந்து நின்றாள். ஜன்னலைத் திறந்து வைத்து யாரை வழியனுப்புகிறீர்கள் என்று கேட்டாள். அத்தானுக்குப் பொய் சொல்ல வராது, பழக்கமில்லை.

"உன் பூச்சி தனி இனம் இல்ல. ஜன்னல்காரரோட பூச்சி இருக்குல்ல, அதுக்குப் பொண்டாட்டி."

அக்கா சிரித்தாள். அப்படியானால் நல்லதுதானே என்றாள். அவர் முகத்தைப் பார்த்தபிறகு சிரிப்பு நின்றது.

"அப்ப என் பேரு?"

"பூச்சி இருக்கும். பேரு செல்லாது. ஒரே பூச்சிக்கு ரெண்டு பேரு இருந்தா, முதல்ல அச்சுல வந்தது எதுவோ அதுதான் நிக்கும். அவரோடது முந்தி வந்துடுச்சு."

"அந்த இயக்குநர் பேரா? மேசைமேல ஏறுவாரே, அவரா?"

"ம்."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தாள். தபால் நிலையத்தில் இனி எப்படித் தலைகாட்டுவது என்று முதலில் புலம்பினாள். கல்யாணமானதும் அப்பா பெயரின் முதலெழுத்தை எடுத்துவிட்டு இவர் எழுத்தைப் போட்டுக்கொண்டது போதாதென்று, பூச்சியாகப் போன இடத்திலும் ஆம்பளை பெயருக்குள்தான் போய்ச் சேர வேண்டுமா என்றாள். நியாயமான கேள்விதான். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, இதெல்லாம் பறந்து போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டாள். ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது, எல்லாம் பழையபடியே இருக்கும் என்றார். அதற்காகத்தான் திறந்து வைத்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பார்த்ததும் அவள் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருடத்தில் அவர் அவளுக்காகச் செய்யத் துணிந்த பெரிய காரியம் அதுதான் என்பது அவளுக்குத் தெரியாதா?

எழுந்து வந்து டப்பாவுக்குள் குனிந்து பார்த்தாள். மூலையில் ஒரு பழுப்பும் ஒரு மஞ்சளும் வாலோடு வால் ஒட்டி, அசையாமல் இருந்தன. இது என்ன என்று கேட்டாள். இரவே சேர்ந்திருக்கும், இன்னும் பிரியவில்லை என்றார் அத்தான்.

"இதுங்களைப் பிரிச்சு ஆளுக்கொரு அலமாரியில வெச்சுக்கிட்டா இத்தனை வருஷமா உட்கார்ந்திருந்தீங்க, ரெண்டு பெரிய மனுஷங்களும்?" என்றாள் அக்கா. "நல்லாப் பார்த்தீங்க வேலை."

டப்பாவை உள்ளே வாங்கி, வலையைக் கட்டி, ஜன்னலைச் சாத்தினாள்.

மறுநாள் நடந்ததை உதவியாளர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அத்தான் வழக்கம்போல் "அந்தப் பக்கம் சொல்லுங்க" என்று ஆரம்பித்தாராம். முடிப்பதற்குள் எழுந்துவிட்டாராம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு தானே அலமாரியைச் சுற்றிப் போனார். உதவியாளர் பயந்துபோய்ப் பின்னாலேயே ஓடினார். ஜன்னல்காரர் டப்பாவைப் பார்த்தார். பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். எங்கே பிடித்தது என்று கேட்டார். ரயில் நிலையத்தில் என்றார் அத்தான். எந்தச் செடியைத் தின்றது என்று கேட்டார். அவ்வளவுதான். பேச்சு விட்ட இடத்திலிருந்து தொடங்கியதுபோல் மதியம்வரை இருவரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்கள். இருவரும் சேர்ந்தே கட்டுரை எழுதுவது என்று முடிவாயிற்று. அதில் யார் பெயர் முதலில் வருவது என்பதில் சாயங்காலம் சண்டை வந்து, பேச்சு மறுபடி நின்றது. மறுவாரம் முழுக்க உதவியாளர்தான் நடந்தார். கடைசியில், அகர வரிசைப்படி போடலாம் என்று யோசனை சொன்னவரும் அவர்தான். அகர வரிசையில் ஜன்னல்காரர் பெயர் முந்தியது. அந்த யோசனைக்காக உதவியாளரை இன்னும் அத்தான் மன்னிக்கவில்லை.

பூச்சியை அலமாரி மாற்றுகிற நாளில் தானும் வருவேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்தாள். அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டாள். நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "என்னை எங்க புதைக்கிறாங்கன்னு பார்க்கணும்ல" என்று படியேறும்போது சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள், மூச்சிரைப்பில் அது சிரிப்பாகக் கேட்கவில்லை.

ஜன்னல்காரர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, துடைத்த நாற்காலியையே இன்னொரு முறை துடைத்துப் போட்டார். அக்கா உட்காரவில்லை. அத்தான் தன் அலமாரியிலிருந்து அவள் பூச்சியை எடுத்துவந்தார். கட்டுரையில் படம் போட்ட அதே பூச்சி, பெயருக்கு ஆதாரமான முதல் பூச்சி. அதற்கு அடையாளமாக ஊசியில் சிவப்புச் சீட்டு கோத்திருந்தது. அச்சில் பார்த்ததைவிட நேரில் அழகாகத்தான் இருந்தது. இறக்கையின் பழுப்புக்குள் மெல்லிய ரோஜா நிறம் ஒன்று ஓடியது. ஜன்னல்காரர் தன் இழுப்பறையை வெளியே இழுத்துக் கண்ணாடி மூடியைத் திறந்தார். உச்சியில் இயக்குநரின் பெயர் எழுதிய அட்டை. அதை அடுத்து, அந்தப் பெயருக்கு உரிய முதல் பூச்சி. அதன் கீழே வரிசையாக மஞ்சள் இறக்கைகள். பெயர் இழந்த பூச்சிக்கு அந்த வரிசையின் அடியில், எல்லாவற்றுக்கும் கீழேதான் இடம். உலகம் முழுக்க எப்படியோ, அந்த அறையில் அதுதான் விதி. அந்த விதியை எழுதி அலமாரியில் ஒட்டியவரே அத்தான்தான்.

இடுக்கியால் ஊசியைப் பிடித்து, அடிவரிசையின் மூலையில் குத்தினார்.

அக்கா குனிந்தாள். மூக்குக்கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தாள். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள்.

"கடைசியிலயா?" என்றாள்.

அத்தான் ஏதோ சொல்ல வாயெடுத்தார். விதி என்றுதான் சொல்ல வந்திருப்பார். ஜன்னல்காரரைப் பார்த்தார். ஜன்னல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளியே மழை வரும்போல இருக்கிறது என்றார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, ஜன்னல் வழியாக வானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தான் இடுக்கியை மறுபடி எடுத்தார். பெயர் அட்டையை அடுத்து இருந்த இயக்குநரை மெல்லப் பிடுங்கி ஓர் அங்குலம் கீழே இறக்கினார். காலியான இடத்தை வாயால் ஊதித் துடைத்துவிட்டு, அங்கே அக்காவை நட்டார்.